என் வாரத்தில் எட்டு நாள்

1

போன மாதம் ஒரு காலையில் மிஸ் ஹார்ட்லி ஒரு நீளத் தாளை என் மேசையில் வைத்துவிட்டு, "சுப்ரா, உங்கள் நாட்டில் வருஷத்துக்கு நாற்பத்தாறு வாரம்தானா?" என்று கேட்டார்.

கேலிதான். அவர் என் மேலதிகாரி. கோபமாகப் பேசத் தெரியாத மனுஷி. நம் தப்பைக்கூட பிஸ்கட் தட்டை நீட்டுகிற மாதிரி நீட்டுவார். நானும் சிரித்திருக்க வேண்டும். ஆனால் நாற்பத்தாறு என்று காதில் விழுந்ததுமே நான் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றேன். எதற்கு நின்றேன் என்று அவருக்கும் புரியவில்லை.

நான் இங்கிலாந்தின் வடக்கே, வெயில் அடித்தால் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொள்கிற ஓர் ஊரில், ஒரு பல்கலைக்கழகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெயர் சுப்பிரமணியன். அதை இவர்கள் வெட்டி 'சுப்ரா' ஆக்கிவிட்டார்கள். சர்க்கார் காகிதங்களிலோ நான் மிஸ்டர் பெருமாள். அது என் அப்பா பெயர். குடும்பப் பெயர் என்ன என்று படிவத்தில் கேட்டபோது அப்பா பெயரை எழுதிவிட்டேன். அவர் இறந்து பதினைந்து வருஷம் ஆகிறது, இன்னும் வரி ஆபீஸ் அவருக்குத்தான் கடிதம் போடுகிறது.

என் வேலை இதுதான். ஆஸ்பத்திரிகளில் தினம் எத்தனை பேர் காய்ச்சலோடு சேர்ந்தார்கள் என்ற விவரம் வரும். அதை வாரவாரமாகக் கூட்டிக் கொடுக்க வேண்டும். கூட்டுவது நானில்லை, ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டு நிற்கிற கம்ப்யூட்டர் மெஷின். அதற்கு நான் அட்டையில் ஓட்டை போட்டுக் கட்டளை கொடுப்பேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்ல இதில் ஒரு வித்தை உண்டு. 'லூப்' என்பார்கள், சுற்று என்று வைத்துக்கொள்ளுங்களேன். முதல் நாளில் தொடங்கு, அந்த வாரத்தைக் கூட்டு, தாளில் அடி, ஏழு நாள் தாண்டி அடுத்த வாரத்துக்குப் போ, வருஷம் முடியும்வரை நிறுத்தாதே. அவ்வளவுதான் கட்டளை. நாலைந்து அட்டைக்குள் அடங்கிவிடும். முன்பு நாலு குமாஸ்தாக்கள் நாள் கணக்காக உட்கார்ந்து கூட்டியதை, நான் டீ ஆற்றிக் குடிப்பதற்குள் மெஷின் முடித்துத் தள்ளிவிடும்.

அந்த 'ஏழு நாள் தாண்டி' என்கிற இடத்தில் என் கை எட்டு என்று ஓட்டை போட்டிருந்தது. மெஷினுக்கு என்ன தெரியும்? ஏன் எட்டு என்று கேட்காது. ஐம்பத்து மூன்று வரி அடிக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தாறு வரி அடித்துவிட்டு நின்றுவிட்டது.

நாற்பத்தாறு வரி. அதே தப்பு, அதே எண்ணிக்கை. பதினைந்து வருஷத்துக்கு முன் திண்டுக்கல்லில் இதே நாற்பத்தாறு வரிகளை என் கையால், மசி தொட்டு, முத்து முத்தாக எழுதியிருக்கிறேன். அதனால் ஒரு குழந்தை செத்ததா என்று கேட்டுக்கொள்ளப் பயந்துதான் இத்தனை வருஷம் ஓட்டினேன். செத்தவள் பெயர் லூர்துமேரி. வயது ஒன்பது. அவளுடைய அப்பா இன்றுவரை பழியைத் தன் தலையில் சுமந்துகொண்டிருக்கிறார். இதை எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

2

ஐம்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்து மூன்று வயது. திண்டுக்கல்லில் கொசு ஒழிப்பு வேலை பார்க்கிற ஓர் ஆபீஸில் குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. இன்று அது அந்தப் பெயரில் இல்லை, குற்றமும் ஆபீஸுடையது இல்லை.

ஊரெல்லாம் கிணறு. பாதிக் கிணறு இறைக்காமல் சும்மா கிடக்கும். மலேரியாக் கொசு அந்தத் தண்ணீரில்தான் முட்டையிடும். அதனால் இறைக்காத கிணறுகளில் கறுப்பாக ஒரு எண்ணெயைத் தெளிப்போம். அது தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் படர்ந்து நிற்கும், கீழே இருக்கிற புழுக்கள் மூச்சு முட்டிச் சாகும். கோடையில் ஏழு நாளுக்குள் மறுபடி தெளித்தாக வேண்டும். விட்டால் புழு கொசுவாகி எழும்பிவிடும்.

நாகல் நகர்ப் பக்கம் எண்ணெய் தெளித்தவர் சவரிமுத்து அண்ணன். தெருவில் அவருக்குப் பெயரே 'கொசு மருந்துக்காரர்'. எங்கள் சந்தில் எனக்கு எதிர்வீடு. ஆபீஸ் வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் என்னை "சார்" என்பார். வெளியே கால் வைத்ததும் "தம்பி" ஆகிவிடுவேன். அவருக்கு எழுத்து வராது. எண்ணெய் தெளிக்கிற பம்பை மூட்டை மாதிரி முதுகில் ஏற்றிக்கொண்டு வெயிலில் போவார், வேலையில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது.

வருஷம் பூராவுக்கும் எண்ணெய் தேதிகளை ஒரே அட்டவணையாக எழுதிச் சுவரில் தொங்கவிட வேண்டும் என்று அதிகாரி என்னிடம் சொன்னார். இங்கிலீஷில் உத்தரவு வந்திருந்தது: ஏழு நாளுக்கு மேற்படாத இடைவெளியில். நான் பெருமையாக உட்கார்ந்தேன். மார்ச் முதல் தேதி வேலை தொடக்கம்.

இங்கேதான் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் அடுத்த வாரம் இதே கிழமை என்று சொல்ல, "இன்னைக்கு எட்டாம் நாள்" என்போம். இன்றைய நாளையும் சேர்த்து எண்ணுகிறோம். செவ்வாய்க்கு எட்டாம் நாள் செவ்வாய்தான். பேச்சில் ஒரு தப்பும் இல்லை. நானும் வாய்க்குள் "எட்டாம் நாள், எட்டாம் நாள்" என்று சொல்லிக்கொண்டே, கையால் எட்டைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்று, ஒன்பது, பதினேழு, இருபத்தைந்து. வாய் இன்றைச் சேர்த்துக்கொண்டது, கை சேர்த்துக்கொள்ளவில்லை. ஒன்றாம் தேதிக்கு எட்டாம் நாள் எட்டாம் தேதி. நான் எழுதியது ஒன்பது.

கிழமை எழுதவில்லை, தேதி மட்டும்தான். எழுதியிருந்தால் இரண்டாவது வரியிலேயே முழித்திருப்பேன். பிற்பகல் பூராவும் உட்கார்ந்து நாற்பத்தாறு வரி எழுதினேன், ஒவ்வொன்றிலும் அதே தப்பு, ஒன்றில்கூடச் சளைக்காமல். இப்போது மெஷினைக் குறை சொல்கிறேனே, அன்றைக்கு அந்த மெஷினே நான்தான். அதிகாரி பார்த்துவிட்டு, "எழுத்து அச்சுப் போட்ட மாதிரி இருக்குய்யா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

3

அட்டவணையின் ஒரு நகலை சவரிமுத்து அண்ணன் வீட்டுச் சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினோம். அவருக்காக அதை வாசித்தது மகள் லூர்து. நாலாம் வகுப்பு. முன்பல் ஒன்று விழுந்து பாதி முளைத்திருக்கும். பல்தேய்க்கும்போதே சுவரைப் பார்த்துக் கத்துவாள்.

"அப்பா, இன்னைக்குப் பதினேழு! நம்ம நாளு!"

அந்தக் குரல் என் வீட்டுக்கே கேட்கும். என் தப்பான தேதிகளை அவள்தான் ஒவ்வொன்றாக உரக்க வாசித்தாள்.

ஒருநாள் சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வரும்போது சந்தில் வழிமறித்தாள். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள்.

"சித்தப்பா, மொத தடவ எண்ண செவ்வாக்கெழம. அப்புறம் புதன். இந்தவாட்டி வியாழன். கோயில் பூச வாராவாரம் ஞாயித்துக்கெழமதான வருது. எண்ண மட்டும் ஏன் கெழம மாறிக்கிட்டே போகுது?"

நான் களைத்து வந்திருந்தேன். அதைவிட, நாலாம் வகுப்புப் பிள்ளை என் கணக்கைக் கேட்கிறதே என்று சுருக்கென்றது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் காரணம்.

"ஏ புள்ள, சார்ட்டுல இருக்கறத வாசிச்சாப் போதும். கணக்கெல்லாம் ஆபீசுல பாத்தாச்சு."

உள்ளேயிருந்து சவரிமுத்து அண்ணனும் சத்தம் போட்டார். "ஏய், வாயாடாம உள்ள வா. தம்பி படிச்சவுக. அவுக போட்டது தப்பா இருக்குமா?"

அவள் விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டே உள்ளே போனாள். அன்றைக்கு அவளோடு சேர்ந்து நானும் விரலை மடக்கியிருந்தால் போதும். அம்புட்டுத்தான் வேலை.

எண்ணெய் நாள் வாரத்துக்கு ஒரு கிழமையாக நகர்ந்து நகர்ந்து, ஆறாவது தடவை ஏப்ரல் பத்தில் வந்து விழுந்தது. அது ஞாயிற்றுக்கிழமை. வெறும் ஞாயிறு இல்லை, ஈஸ்டர்.

அன்றைக்கு எனக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. வருஷம் பூரா வெறும் சோறும் துவையலும் பார்க்கிற வீட்டில் கோழிக்குழம்பு கொதித்தது. லூர்து புதுக் கவுனோடு சுவருக்கு முன்னால் நின்று, "அப்பா, இன்னைக்குப் பத்து. நம்ம நாளுப்பா" என்று ஞாபகப்படுத்தினாள்.

"செத்த நேரம் போயி ஊத்திட்டு வந்துருங்க. கோழி எங்கயும் பறந்துறாது" என்றார் ஆரோக்கியம் அக்கா, அவருடைய மனைவி.

"வருசத்துல ஒரு நாளு. விடு, நாளைக்கு விடிஞ்சதும் போறேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் என் பக்கம் திரும்பினார். "என்ன தம்பி, ஒரு நாள்ல என்ன ஆயிறப்போகுது?"

வாய் நிறையச் சோறு. "ஒண்ணும் ஆகாதுண்ணே, உக்காருங்க" என்றேன்.

எட்டு நாளே தப்பு. அன்றைக்கு அது ஒன்பது நாள் ஆனது.

4

மூன்று நாலு வாரம் கழித்து எங்கள் சந்தில் குளிர்காய்ச்சல் வந்தது. எனக்குப் பக்கத்து வீட்டுக் கிழவருக்கு வந்தது, பிழைத்துக்கொண்டார். தையல்காரருக்கு வந்தது, பிழைத்துக்கொண்டார். லூர்துவுக்கு வந்தது. இரண்டு நாள் நடுங்கினாள். மூன்றாம் நாள் வலிப்பு. அண்ணன் ஆஸ்பத்திரிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார், நான் பின்னாலேயே அவள் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதை ஏன் எடுத்தேனோ. திரும்பி வரும்போதும் என் கையில் அதுதான் இருந்தது.

ஆபீஸில் விசாரணை. அதிகாரி பின்னோக்கி நாள் கணக்குப் போட்டார். கொசு பறந்து, அது காய்ச்சல்காரரைக் கடித்து, பிறகு இன்னொருவரைக் கடித்து, அவருக்குக் காய்ச்சல் காண மூன்று நாலு வாரம் ஆகும். அப்படியானால் ஏப்ரல் இரண்டாம் வாரம்.

"அந்தச் சமயத்தில் எண்ணெய் தவறியதா?"

சவரிமுத்து அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பத்தாந் தேதி போகலைங்கய்யா. ஈஸ்டருன்னு இருந்துட்டேன். மறுநாத்தான் போனேன்."

"யாரையாவது கேட்டுக்கொண்டு இருந்தாயா?"

"இல்லைங்கய்யா. நானாத்தான்."

அந்த வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்தது நான். பேனா நின்றது. அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வேலை போய்விடக் கூடாது என்று என்னை மறைக்கிறார். எழுதி முடித்து, மையைத் தடவி, அவருடைய கட்டைவிரலைப் பிடித்து நானே ரேகை வைக்கச் செய்தேன். வேலை போயிற்று. மண்டியில் மூட்டை தூக்கப் போனார்.

ஆரோக்கியம் அக்கா அடக்கத்தன்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "புள்ளையவிடக் கோழிக்கறி பெருசாப் போச்சு." அதோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்திவிட்டார். தட்டில் சோறு போட்டு முன்னால் வைப்பார், நகர்ந்துவிடுவார். சொல்ல வேண்டியது இருந்தால் லூர்துவின் தம்பியிடம் சொல்வார், சின்னப் பையன் வந்து அப்பாவிடம் சொல்வான்.

அட்டவணையே தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்தது மறு வருஷம் பிப்ரவரியில். புது அட்டவணை எழுத உட்கார்ந்தபோது மேசையில் ஒரு நாள்காட்டி கிடந்தது. ஒன்றோடு எட்டைக் கூட்டி ஒன்பது என்று எழுதிவிட்டு, தற்செயலாகத் தாளைப் புரட்டினேன். கிழமை மாறியிருந்தது. "எண்ண மட்டும் ஏன் கெழம மாறிக்கிட்டே போகுது?" என்று அவள் என் காதுக்குப் பக்கத்தில் நின்று கேட்டது போலிருந்தது. நாற்காலியோடு திரும்பிப் பார்த்தேன்.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? சத்தமில்லாமல் ஏழாகத் திருத்தி எழுதினேன். "இந்த வருசம் ஏன்யா லிஸ்ட் நீளமா இருக்கு?" என்று அதிகாரி கேட்டார். "நெருக்கமா ஊத்தினா நல்லது சார்" என்றேன். பாராட்டினார். பழைய அட்டவணையை ஆபீஸ் சுவரிலிருந்து கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். எதிர்வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோழை என்று நீங்கள் சொல்லலாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

மேல்படிப்பு, கல்யாணம், இங்கே வேலை என்று சில வருஷத்தில் ஊரை விட்டுக் கிளம்பினேன். ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தவர் சவரிமுத்து அண்ணன். கூலி வைக்காதீர்கள் என்று என் டிரங்குப் பெட்டியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார்.

"கனமா இருக்கே தம்பி, என்னத்த வச்சிருக்கீங்க?"

"புஸ்தகம்ணே" என்றேன்.

5

இங்கே வீடுகளில் குளிருக்குப் பாரஃபின் அடுப்பு வைத்துக்கொள்கிறார்கள். நம் மண்ணெண்ணெய்தான். முதல் வருஷம் அக்டோபரில் அதைப் பற்றவைத்ததும் அறை முழுக்க அந்த வாசனை. எனக்குக் கிணறு கண்முன் வந்துவிட்டது. கறுப்புத் தண்ணீர், மேலே வானவில் படலம், சவரிமுத்து அண்ணனின் பம்பு கரகரக்கும் சத்தம். ஜன்னலைத் திறந்தேன். பனிக்காற்றில் என் மனைவி கமலா, "உங்களுக்கென்ன கிறுக்கா?" என்று கத்தினாள். அவளுக்கு இந்தக் கதை தெரியாது. ஒவ்வொரு குளிர்காலமும் ஜன்னல் சண்டை நடந்துகொண்டுதான் இருந்தது.

மகள் வசந்தி கைக்குழந்தையாக வந்தவள். இப்போது நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். அது பரவாயில்லை, பழகிவிட்டது. போன மார்கழியில் அவளுக்கு ஒன்பது வயது முடிந்தது. அன்றையிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அவள் நிலைக்கதவில் கை வைத்து நிற்கும்போது, முன்பல்லைக் காட்டிச் சிரிக்கும்போது, நான் வேறு பக்கம் பார்க்கிறேன். பெற்ற பிள்ளையைப் பார்க்கப் பயப்படுகிற தகப்பன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சமீபத்தில் பள்ளிக்கூடத்தில் உல்லாசப் பயணம். எப்போது என்று கமலா கேட்டாள். "இன்னைக்கு எட்டாம் நாள்" என்றேன். வசந்தி உடனே விரல்விட்டு எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு, "தப்புப்பா, அது புதன்கிழமை. எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

அவள் நாளையிலிருந்து எண்ணுகிறாள். நான் இன்றையிலிருந்து எண்ணுகிறேன். இதை அவளுக்கு விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "ஏம்ப்பா அழறே?" என்று கேட்டாள், தமிழில்.

மறு வாரம்தான் மிஸ் ஹார்ட்லி அந்த நாற்பத்தாறு வரியைக் கொண்டுவந்து வைத்தார்.

6

தப்பைத் திருத்திக் கொடுத்துவிட்டு, "என் சொந்த விஷயமாக மெஷினில் சில நிமிஷம் வேண்டும்" என்று அவரிடம் கேட்டேன். மெஷின் நேரம் இங்கே சாப்பாட்டுக்குச் சமம், வரிசையில் நின்று வாங்குவது. என் முகத்தைப் பார்த்தார். தன் பெயரில் இருந்த நேரத்தில் நாலு நிமிஷம் விட்டுக்கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

இரண்டு சுற்று எழுதினேன். இரண்டும் திண்டுக்கல்லில், அதே வருஷம், மார்ச் முதல் தேதி, செவ்வாய்க்கிழமையில் தொடங்கும். ஒன்று ஏழு ஏழாகத் தாண்டும், மற்றது எட்டு எட்டாக. ஒவ்வொரு முறையும் தேதியையும் கிழமையையும் அடிக்க வேண்டும். அட்டைகளைக் கொடுத்துவிட்டு அறைக்கு வெளியே நின்றேன். 

ஏழா எட்டா என்பது எனக்கு ஏற்கெனவே தெரிந்த தப்பு. அதைத் தாண்டி யோசிக்க நான் என்னை விட்டதே இல்லை. "என் தப்பு ஒரு நாள், அண்ணன் தப்பு ஒரு நாள், ஆளுக்குப் பாதி" என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு பதினைந்து வருஷம் ஓட்டிவிட்டேன். பாதிப் பழியோடு மனுஷன் சாப்பிடலாம், வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம்.

தாள் வந்தது. எட்டு நாள் வரிசையில் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. ஆறாவது வரி ஏப்ரல் பத்து, ஞாயிறு. ஏழு நாள் வரிசையில் செவ்வாய். அதற்குக் கீழே செவ்வாய். அதற்கும் கீழே செவ்வாய். ஐம்பத்து மூன்று வரியும் செவ்வாய். ஏப்ரல் ஐந்து செவ்வாய், ஏப்ரல் பன்னிரண்டு செவ்வாய். நடுவில் அந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க்குச் சம்பந்தமே இல்லாமல் வந்து போயிருக்கும்.

நான் ஏழு எழுதியிருந்தால் அந்த மனுஷன் ஈஸ்டர் அன்றைக்கு வேலைக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வியே வந்திருக்காது. கோழிக்குழம்பை நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். தவறுவதற்கு அன்றைக்கு அவருக்கு ஒரு வேலையே இருந்திருக்காது. பாதிப் பழி என்றெல்லாம் ஒன்றும் இல்லை. முழுசும் என்னுடையது.

எந்தக் கிணற்றுக் கொசு லூர்துவைக் கடித்தது என்று இந்த மெஷின் மட்டுமல்ல, எந்த மெஷினும் சொல்லாது. அது எனக்கும் தெரியும், புள்ளிவிவரம் படித்தவன். ஆனால் சவரிமுத்து அண்ணனைப் பற்றி அது சொல்லிவிட்டது. அவர் மேல் ஒரு நாள்கூடக் குற்றமில்லை.

அன்றைக்குக் கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  பிறகு எழுந்துபோய் ஜன்னலை அவளே திறந்தாள். "இன்னைக்கே அவருக்கு எழுதுங்க. நாளைக்குன்னு சொல்லாதீங்க" என்றாள்.

7

நீலநிற ஏர்மெயில் தாளில் எழுதினேன். லூர்து கேட்ட கேள்வியை எழுதினேன், நான் சொன்ன பதிலை எழுதினேன். டிரங்குப் பெட்டியில் என்ன இருந்தது என்பதையும் எழுதினேன். மெஷின் அடித்த இரண்டு வரிசையையும் நகல் எடுத்துத் தனி உறையில் போட்டேன். எப்போது பதில் வரும் என்று தினம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதில் அண்ணன் மகன் கையெழுத்தில் வந்தது. பையன் இப்போது காலேஜில் படிக்கிறான். அப்பா சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறான். அதை அப்படியே தருகிறேன்.

"தம்பிக்கு சவரிமுத்து எழுதுறது. கடுதாசி கெடச்சுது. மகன் ரெண்டு தடவ வாசிச்சான். அந்த மெஷின் தாளையும் வாசிடான்னேன். செவ்வா, செவ்வா, செவ்வான்னு வாசிச்சான். போதும்டான்னுட்டேன்.

தப்பு யாருக்கும் வரும் தம்பி. அதுக்காக நான் உங்கள ஒண்ணும் சொல்லல. தெரிஞ்ச பொறவும் பேசாம இருந்தீக பாருங்க, அத எங்கிட்டு வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. நாலு நாளா மண்டிக்குப் போகாம அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். ஒங்க பெட்டிய நாந்தான தூக்குனேன்.

ஆரோக்கியம் போன தவக்காலத்துல செத்துப்போச்சு. ஒங்களுக்கு எழுதணும்னு நெனச்சேன், எழுதல. கடேசி வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. சாகுறப்பக்கூடத் தண்ணி கேட்டது மகங்கிட்டதான், நான் பக்கத்துலதான் நிக்கிறேன். இந்தக் கடுதாசி ஒரு வருசம் முந்தி வந்திருந்தா அது என் கையால ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கும். இப்ப அதுக்கு யாரு தம்பி சொல்றது?

நீங்க வாங்க. கல்லறையில ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்காக. அங்கன நின்னு ஒங்க வாயால சொல்லுங்க, சத்தமாச் சொல்லுங்க. நானும் நிக்கிறேன்.

வாற நாள எழுதும்போது இன்னைக்கு எட்டாம் நாள் வாரேன், பத்தாம் நாள் வாரேன்னு எழுதாதீங்க. தேதிய எழுதுங்க. கெழமையையும் எழுதுங்க."

நேற்று லீவுப் படிவம் வாங்கி வந்தேன். இறந்தவர் உமக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. தகப்பனார், தாயார், மனைவி, குழந்தை என்று அச்சடித்து, ஒன்றைத் தவிர மற்றதைக் கோடு போட்டு அடிக்கச் சொல்கிறார்கள். நான் லூர்துவுக்குச் சித்தப்பா. அதற்குக் கட்டம் இல்லை. எல்லாவற்றையும் அடித்துவிட்டுக் கீழே 'எதிர்வீடு' என்று எழுதினேன். மிஸ் ஹார்ட்லி அதையும் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

பயணச்சீட்டு வந்துவிட்டது. இன்று சாயங்காலம் சவரிமுத்து அண்ணனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். திண்டுக்கல் வந்து இறங்கும் தேதியை நான் எழுதினேன். கிழமையை வசந்தியைக் கூப்பிட்டு, காலண்டர் பார்த்து எழுதச் சொன்னேன்.